நெய்யாறு

நெய்யாறு கேரளத்தின் தென்கோடி ஆறு. அகத்தியமலையில் பிறந்து, திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறு என்னும் ஊரில் அரபிக் கடலைச் சேர்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பு 497 சதுர கிலோமீட்டர். நெய்யாற்றின்கரை ஊருக்குப் பெயர் தந்ததும் இதுதான்.

மலைப்பகுதியில் கல்லாறு, முல்லையாறு போன்ற ஓடைகள் இதில் கலக்கின்றன. கள்ளிக்காட்டில் அணை, அதற்கு மேலே காடு, கீழே ரப்பரும் தென்னையும். அருவிப்புறத்தில் ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்குகிறது. 1888இல் நாராயண குரு இந்த ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைத்தான் அங்கே சிவனாக நிறுவினார். நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் பாறசாலையைத் தாண்டி, அமரவிளைப் பாலத்தில் ஆற்றைக் கடப்பார்கள், கடந்ததும் நெய்யாற்றின்கரை.

பூவாற்றில் ஆறு நேராகக் கடலுக்குள் போய்விடாது. கரையோரம் அலை குவிக்கும் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்ள, உள்ளே நீர் காயலாகத் தேங்கி நிற்கும். இந்த வாய்க்குப் ‘பொழி’ என்று பெயர். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் பொழி தானே முறியும். முறியாவிட்டால் மணலை வெட்டி வழிவிடுவார்கள். வெட்டும்போது ஓடைபோல இருக்கும் வாய், நீர் பாயப் பாயக் கரையை அரித்து அகன்றுவிடும். பிறகு அலை மெல்ல மணலைச் சேர்த்து மறுபடி அடைக்கும். ஆகவே இந்த ஆற்றின் முகத்துவாரத்தை வரைபடத்தில் ஒரே இடத்தில் குறிப்பது அவ்வளவு சரியல்ல.

ஆறு கேரளத்துக்குள் முடிந்தாலும் அதன் நீருக்கு எல்லை தாண்டிய கதை உண்டு. அணை வேலை தொடங்கியது திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில். அப்போது எல்லையை ஒட்டிய விளவங்கோடு தாலுகாவும் அதே மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. அணை முடிந்தது 1958இல். இடதுகரைச் சானல் வழியாக விளவங்கோட்டின் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறே அல்ல என்பது கேரளத்தின் வாதம். 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தண்ணீர் நின்ற பிறகு, நெல் விளைந்த வயல்களில் வாழையும் மரச்சீனியும் ஏறின. எல்லைக்கு இப்பால் பல இடங்களில் சானலுக்குள் புல் முளைத்துக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் இன்னும் அதை நெய்யாற்றுச் சானல் என்றுதான் சொல்கிறார்கள்.