கொச்சிக்காய் இல்லாத ஒரு சாப்பாடு

சென்ற ஒன்றுகூடலில், 1505இல் போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வருமுன் நிலாவெளியில் உண்டிருக்கக்கூடிய ஒரு மதிய உணவைச் சமைத்துப் பார்த்தோம். விறகடுப்பு, மண்சட்டி, அம்மி. கொச்சிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், பின்னர் வந்தவை; ‘மிளகாய்’ என்ற பெயரே மிளகிடம் வாங்கிய கடன். ஆகவே மிளகு அரைத்து, பழப்புளி கரைத்து, தேங்காய்ப்பால் விட்ட சுறாக் குழம்பு, சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல். உறைப்பு நாக்கைவிடத் தொண்டையில்தான் தெரிந்தது. அரைத்தவளுக்குத் தும்மலே மிச்சம்.

பார்க்க வந்த எங்கள் பழைய ஆசிரியை, “மரவள்ளி எங்க பிள்ளையள்?” என்றார். அதுவும் தென்னமெரிக்கக் கிழங்கு, சேராது என்றோம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அரிசியும் மாவும் தட்டுப்பாடானபோது தம் வீட்டில் ஆறு பேர் பசியாறியது அதனால்தான் என்றார்.

அடுப்பு இன்னும் அணையவில்லை. ஒருத்தி கிழங்கு வாங்கச் சந்திக்குப் போனாள்.