சென்னை மக்கள் பூங்கா

சென்னையில் பார்க் டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. அஞ்சல் முகவரியில் அப்பெயர் வருகிறது. அருகிலுள்ள ரயில் நிலையத்திற்கும் பார்க் ஸ்டேஷன் என்றே பெயர். அங்கே இறங்கிப் பூங்கா எங்கே என்று கேட்டால் மக்கள் நம்மைத் திகைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பூங்காவின் வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். அதன் தொடக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் பங்கும் உண்டு.

தோட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களில் வேலியும் மறைவும் சேர்ந்தே வரும். அறபியில் 'ஹதீக்கா' என்பது சுற்றி வளைக்கப்பட்ட தோட்டம். 'ஜன்னத்' என்ற சொல்லின் வேரிலோ மறைத்தல் என்னும் பொருள் கிடக்கிறது. ஆங்கிலேயர் சொல்லும் 'பார்க்' என்பதும் முதலில் பிரபுக்கள் வேட்டைக்கென வேலியிட்டு வைத்திருந்த காடுதான். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்காகவே ஒரு தோட்டம் போடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற எண்ணம். தொழில் நகரங்களின் ஏழைமக்கள் காற்று வாங்க இடமில்லை என்பதை இங்கிலாந்தின் நாடாளுமன்றக் குழு ஒன்று 1833-இல் எடுத்துச் சொன்னது. லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட் என்னும் ஊர், பொதுப்பணத்தில் நிலம் வாங்கி, 1847-இல் தன் பூங்காவைத் திறந்தது.

அந்தக் காற்று சென்னைக்கு வந்தது சார்லஸ் டிரவெல்யானோடு. 1859-இல் ஆளுநராக வந்த அவர், மறு ஆண்டே கல்கத்தா அரசின் வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காகத் திருப்பி அழைக்கப்பட்டார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டனில் கருவூல அதிகாரியாக இருந்து கைவிரித்தவர் என்று அந்நாட்டு மக்கள் இன்றும் அவரைக் கசப்போடுதான் நினைக்கிறார்கள். சென்னையிலோ அந்தக் குறுகிய காலத்தில் இப்பூங்காவுக்கு வித்திட்டுச் சென்றார். ஒரே மனிதரை இரண்டு ஊர்கள் இரண்டு விதமாக நினைவுகூர்வது வரலாற்றில் புதிதன்று.

பூங்காவின் பரப்பு 116 ஏக்கர். வடக்கே சைடன்ஹாம்ஸ் சாலை, மேற்கே தோல் மண்டிகள் நிறைந்த பெரியமேடு. உள்ளே பதினொரு குளங்கள் இருந்தன. வண்டிகள் செல்லவும் மக்கள் உலவவும் ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள் ஓடின. பாண்டு வாத்தியம் இசைக்க ஒரு மேடையும், பொதுக் குளியலிடமும், டென்னிஸ் ஆடுகளங்களும் இருந்தன. நகரத்தின் நடுவே, விலைமதிப்பு ஏறிக்கொண்டேயிருந்த நிலத்தில், இவ்வளவு இடத்தை நிழலுக்கும் நீருக்கும் விட்டுவைத்தார்கள் என்பதை இன்று நம்புவதே கடினம்.

மக்கள் திரண்டு வந்தது விலங்குகளைப் பார்க்கத்தான். அந்த விலங்குக் காட்சிசாலையை நிறுவியவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். நம் சமுதாயம் அவரை மறந்துவிடலாகாது. 1850-இல் திருவல்லிக்கேணியில் முஹம்மதன் நூலகம் தோன்றத் துணைநின்றவரும் அவரே. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த அவர், பாடம் செய்த உடல்களைவிட உயிருள்ள விலங்குகளைக் காணவே கூட்டம் சேர்வதைக் கண்டார். கர்நாடகத்தின் கடைசி நவாபான குலாம் கௌஸ் கானிடம் பேசி, அரண்மனையிலிருந்த விலங்குகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்படி இணங்கச் செய்தார். 1855-இல் காட்சிசாலை தொடங்கியது. அதே ஆண்டில் நவாபும் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் பட்டத்தை ஒழித்தார்கள். சேப்பாக்கம் அரண்மனையும் ஏலத்துக்கு வந்து அரசின் கைக்கே போயிற்று. அரசரின் கண்களுக்கென வளர்ந்த விலங்குகள் மட்டும் 1860-களில் மக்கள் பூங்காவுக்கு இடம்பெயர்ந்து, கூலிக்காரரும் குழந்தைகளும் காணும் பொருளாயின.

சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், பூங்காவிலிருந்ததை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறியாமலே அவர்கள் வைத்த பெயர்கள் எவ்வளவு பொருத்தம்! எழுபதுகளில், பெரியமேட்டில் தோல் வணிகம் செய்துவந்த நம் வாப்பா, நம்மைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டியதும் உயிர்க் காலேஜைத்தான். கூண்டுகளுக்கிடையே இருந்த பழைய மரங்களின் குளிர்ச்சி இன்னும் நினைவில் நிற்கிறது.

பூங்காவில் நடந்த கேளிக்கைகளுக்கு ஒரு துயர நாளும் உண்டு. 1886-ஆம் ஆண்டின் கடைசி நாளில், அங்கு நடந்த கண்காட்சியில் தீப்பிடித்துப் பல நூறு பேர் மாண்டார்கள்.

இனி, பூங்கா சுருங்கிய கதை. 1880-களில் விக்டோரியா பொதுமண்டபத்திற்காக 57 மனைகள் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டன. விஜயநகரம் அரசர் பொருளுதவி செய்ய, சிஷோம் வரைந்த கட்டடம் எழுந்தது. 1898-இல் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. 1993-இல் அதே இடத்தில் நேரு விளையாட்டரங்கம் பெரிதாக எழுந்தது. விலங்குகளை வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். 1985-இல் அங்கே புதிய காட்சிசாலை திறக்கப்பட்டது.

இவற்றில் ஒன்றையேனும் தீய நோக்கம் என்று கூறமுடியுமா? நாடகத்துக்கு மண்டபம் வேண்டும், தெருவோர வணிகருக்குச் சந்தை வேண்டும், நகராட்சிக்கு அலுவலகம் வேண்டும், இளைஞருக்குத் திடல் வேண்டும். ஒவ்வொன்றும் பொதுநன்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பூங்காவை யாருமில்லாத நிலமாகவே கணக்கிட்டார்கள். எல்லாருக்கும் சொந்தமானதற்காக வாதாட ஒருவர்கூட வருவதில்லை. வக்ஃபு நிலங்களை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். விற்கவும் மாற்றவும் கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் விதித்திருந்தும் அவற்றில் எத்தனை ஏக்கர் நம் கண்முன்னே கரைந்தது! நாமே காக்கத் தவறியிருக்க, மாநகராட்சியை மட்டும் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை.

அக்காலப் பூங்காவின் எச்சமாக, சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு எஞ்சியது. மூர் மார்க்கெட்டும் நிலைக்கவில்லை. பழைய நூல்களுக்குப் பேர்போன அச்சந்தை 1985 மே மாத இறுதியில் தீக்கிரையாயிற்று. அந்த நிலத்தில் சென்ட்ரல் நிலையம் விரிந்தது. கடையிழந்தவர்களுக்கு வேறிடம் வேண்டுமே! பூங்காவின் குளங்களில் ஒன்றாகிய அல்லிக்குளம் இருந்த இடத்தில் அவர்களுக்கென ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அதற்கு அல்லிக்குளம் வணிக வளாகம் என்று பெயர் வைத்தார்கள்.