பற்றும் வரவும்: பள்ளி வணிகக் கல்வி வரலாற்றில் இரு சொற்கள்

முன்னுரை

மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியலைத் தமிழ்வழியில் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு எண்ணைப் பற்றியதன்று, சொல்லைப் பற்றியதாகும். வீட்டு வழக்கில் கைக்கு வரும் பணம் வரவு. கைவிட்டுப் போவது செலவு. பாடநூலிலோ ரொக்கக் கணக்கில் வந்த பணம் பற்றுப் பக்கத்திலும் சென்ற பணம் வரவுப் பக்கத்திலும் எழுதப்படுகின்றது. இம்முரணின் தோற்றத்தை வணிகக் கல்வியின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியில் கணக்கு

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் வணிகக் கணக்கு தனிப்பாடமாக இருந்ததில்லை. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியன எழுத்தறிவோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டன. நெல்லளவும் பொன்னிறையும் பின்னக் கணக்கும் மாணவரின் மனப்பாடத்தில் இடம்பெற்றன. எனினும் சாதியாலும் பாலினத்தாலும் பலருக்கு அத்திண்ணை எட்டாததாகவே இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தனிப்பிரிவாக மாறிய வரலாறு

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக்குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்கு உரியது. மற்றொன்று வணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்கு உரியது. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக்குழு (1952–53) பல்நோக்குப் பள்ளிகளுக்கு வகுத்த ஏழு பாடப்பிரிவுகளுள் வணிகமும் ஒன்றாயிற்று. கோத்தாரி கல்விக்குழுவின் (1964–66) வழியில் தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றபோது வணிகவியலும் கணக்குப்பதிவியலும் விருப்பப் பாடங்களாக நிலைபெற்றன.

பொருளியலின் நிலை பின்னர் ஓரளவு மாறியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 9, 10ஆம் வகுப்புகளின் சமூக அறிவியலில் அதற்கு இடமளித்தது. கணக்குப்பதிவியல் மேல்நிலை வகுப்பிலேயே நின்றுவிட்டது. எனவே மாணவர் பதினைந்து வயதிற்குப் பின்னரே பேரேட்டையும் குறிப்பேட்டையும் முதன்முதலாகக் காண்கின்றனர்.

சொற்களின் பொருள்

பற்று, வரவு என்னும் சொற்கள் ஆள்சார் கணக்கில் முற்றிலும் பொருந்துவன. கடையில் ஒருவர் 500 ரூபாய்க்குத் துணியைக் கடனாகப் பெறுகிறார் எனக் கொள்வோம். அவர் பற்றிச் சென்றமையால் அவர் பெயரில் 500 பற்று. பின்னர் அவர் 200 ரூபாய் செலுத்துகிறார். அவரிடமிருந்து வந்தமையால் அவர் பெயரில் 200 வரவு. நிலுவை 300. இங்கு எவ்வித முரணும் இல்லை.

1494இல் வெனிசில் லூக்கா பச்சோலியின் நூல்வழி அச்சேறிய இரட்டைப்பதிவு முறை ஒவ்வொரு நடவடிக்கையையும் இரு கணக்குகளில் பதியச் செய்கின்றது. மேற்கண்ட 200 ரூபாய் ரொக்கக் கணக்கிலும் ஏறவேண்டும். அங்கே ரொக்கமும் ஓர் ஆளாகவே கருதப்படுகின்றது. அது 200ஐப் பெற்றுக்கொண்டது; ஆகவே அதன் பெயரில் பற்று. அதிலிருந்து பணம் வெளியேறும்போது அது கொடுத்ததாகின்றது, ஆகவே வரவு. வீட்டு வழக்கின் வரவு குடும்பத்திற்கு வந்தது. பேரேட்டின் வரவு அந்தக் கணக்கிடமிருந்து வந்தது. நோக்குநிலை மாறியதேயன்றிச் சொல் பிழைபட்டதன்று.

ஆங்கிலச் சொற்களும் இத்தகையனவே. டெபிட், கிரெடிட் ஆகியவற்றின் இலத்தீன் மூலங்கள் கடன்படுதலையும் நம்பி ஒப்படைத்தலையும் குறிப்பன. அவையும் ஆளிடமிருந்தே பொருளுக்குச் சென்றன.

முடிவுரை

ஆள்சார் கணக்கிலிருந்து தொடங்காமல், உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு என்னும் விதியை மட்டும் மனப்பாடம் செய்விக்கும்போது மாணவரின் மொழியறிவே அவருக்குத் தடையாகிவிடுகின்றது. சொல்லில் தடுமாறும் மாணவர் கணக்கில் திறமற்றவர் என மதிப்பிடப்படும் நிலையும் நேர்கின்றது. இதற்குத் தீர்வு புதுச்சொல் ஆக்குவதன்று. இருக்கும் சொல்லின் வரலாற்றைப் பாடத்தின் முதற்பக்கத்தில் விளக்குவதேயாகும். தமிழாய்வாளர் வணிகப் பாடநூலாக்கத்தில் பங்கேற்க வேண்டியதன் தேவை இதனால் புலனாகும்.