செவிடன் காதில் ஊதிய சங்கு: ஒரு பழமொழியின் பிழை

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நாம் எல்லோரும் ஒரு முறையேனும் சொல்லியிருக்கிறோம். கொடுத்த மனுவுக்குப் பதில் வராதபோதும், சொன்ன அறிவுரை எடுபடாதபோதும் இந்தப் பழமொழி தானாகவே நாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு பலமாக ஊதினாலும் உள்ளே ஒன்றும் போகாது என்பது அதன் பொருள். பழமொழிகளை அனுபவத்தின் சாரம் என்று கொண்டாடுவது நம் வழக்கம். ஆனால் இது அனுபவத்தில் பிறந்ததன்று. காது கேட்பவர்கள், கேளாதவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமலேயே செய்துகொண்ட ஊகம். விசாரித்திருந்தால், அவர்களில் பலருக்கு அந்தச் சங்கு கேட்கும் என்பதோடு, நமக்குக் கூசுவதைவிட அதிகமாகவே கூசக்கூடும் என்பதும் தெரிந்திருக்கும். மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன என்பதால், நம் முன்னோரைக் குறை சொல்வதற்கில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. திண்ணையில் ஆயா உட்கார்ந்திருக்கிறார். பேரன் ஏதோ கேட்கிறான். "என்னாடா சொல்ற, ஒண்ணும் கேக்கலியே" என்கிறார். அவன் சற்று உரக்கச் சொல்கிறான். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். உடனே ஆயா முகத்தைச் சுளித்து, "ஏண்டா இப்படிக் கத்தற? நான் என்ன செவிடா?" என்கிறார். வீடே சிரிக்கிறது. கிழவிக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும் என்று யாரோ தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். ஆயா நடிக்கவில்லை. அவர் சொன்ன இரண்டும் உண்மை. மெல்லிய ஒலி கேட்கவேயில்லை. உரத்த ஒலி தாங்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே நமக்கெல்லாம் இருக்கும் அகன்ற வெளி அவருக்குச் சந்தாகக் குறுகிவிட்டது.

செவித்திறன் குறைந்தவரையும் பேரொலியையும் சேர்த்துப் பேசிய தொடக்ககாலக் குறிப்புகளில் ஒன்று ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. காது கேளாத பெண் ஒருத்திக்கு, அறையில் முரசு கொட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் பிறர் பேச்சு தெளிவாகக் கேட்டதாம். அதற்காகவே கணவன் முரசு கொட்டும் ஆள் ஒருவனை வேலைக்கு வைத்திருந்தான் என்கிறார் வில்லிஸ். இதன் காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. அவளுடைய பழுது நடுச்செவியில் இருந்திருக்க வேண்டும். ஒலி உள்ளே போகும் கதவு இறுகியிருந்ததால் முரசின் இரைச்சல் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. சுற்றியிருந்தவர்களோ இரைச்சலை மீறித் தொண்டையை உயர்த்தினார்கள். கதவு இறுகியவருக்கு உரக்கப் பேசினால் போதும். உட்செவி பழுதுபட்டவரின் கதை வேறு. முதியவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர். இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கத்திக்கொண்டிருந்ததுதான் மனிதகுலத்தின் நெடுங்காலத் தவறு.

இந்த வேறுபாட்டை அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் நியூயார்க் நகரத்துக் காது மருத்துவர் எட்மண்ட் ஃபௌலர். ஒரு காது மட்டும் பழுதான நோயாளிகளிடம் அவர் செய்த சோதனை மிக எளிது. ஒரே சுருதியை இரு காதுகளுக்கும் மாறி மாறிக் கொடுத்து, இரண்டும் சம உரப்பாகத் தோன்றும் அளவைக் கேட்டார். மெல்லிய ஒலியில் இரு காதுகளுக்கும் இடையே பெரிய பள்ளம். ஒலியை ஏற்ற ஏற்றப் பழுதான காது விரைந்து ஓடிவந்து நல்ல காதை எட்டிப் பிடித்துவிட்டது. 1930களில் இதற்கு அவர் 'ரெக்ரூட்மென்ட்' என்று பெயரிட்டார். படைக்கு ஆள் சேர்ப்பதைக் குறிக்கும் சொல் அது. 1948இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக், ஹூட் ஆகிய மூவரும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். உட்செவி நோயான மெனியர் நோயில் இந்த விரைந்த ஏற்றம் இருக்கிறது, செவி நரம்பில் கட்டி இருப்பவர்களிடம் பொதுவாக இல்லை என்று அவர்கள் காட்டியபோது, பழுதின் இடம் நத்தைக்கூடு போன்ற உட்செவிதான் என்பது உறுதியாயிற்று.

அங்கே என்ன நடக்கிறது? ஒவ்வொரு காதிலும் உள் மயிரணுக்கள் சுமார் 3,500, வெளி மயிரணுக்கள் சுமார் 12,000 உண்டு. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள் வரிசை. வெளி வரிசைக்கோ வேறு வேலை. அவை ஒலிக்கேற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. இப்படி அசைவதை 1985இல் வில்லியம் பிரௌனெல் குழுவினர் காட்டினார்கள். பேருந்துப் படியருகே நின்று குழந்தைகளைத் தூக்கி ஏற்றிவிடும் ஓர் ஆளை நினைத்துக்கொள்வோம். வளர்ந்தவர்களுக்கு அவர் தயவு வேண்டியதில்லை. அவர் ஒரு நாள் வராவிட்டால் குழந்தைகள் கீழேயே நின்றுவிடுவார்கள்; வளர்ந்தவர்களோ வழக்கம்போல் ஏறிக்கொள்வார்கள். வெளி மயிரணுக்கள் அழிந்த காதின் நிலை இதுதான். கிசுகிசுப்பு ஏறுவதில்லை. வெடிச்சத்தம் முழு உருவத்தோடு ஏறிவிடுகிறது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. காது நன்றாகக் கேட்பவர்களிலும் சிலருக்குப் பாத்திரம் உரசும் ஒலி, குழந்தை அழுகை போன்ற அன்றாட ஒலிகளே தாங்க முடியாதவை ஆகின்றன. இதில் மூளையின் பங்கு பெரிது என்று இன்று கருதப்படுகிறது. வரத்துக் குறைந்த மூளை தன் பெருக்கியைத் தானே கூட்டிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். செவித்திறன் குறைந்தவர்களிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

உட்செவியின் கதை தெரிந்த பிறகு, நம் ஊர்ப் பெட்டிகளுக்குள் உறங்கும் காது மிஷின்களின் கதையும் விளங்கிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981இல் தொடங்கியது. சட்டைப்பையில் வைத்து, ஒயரைக் காதுக்கு இழுத்துக்கொள்ளும் கருவிகள் இத்தகைய முகாம்கள் வழியாகவே நம் கிராமங்களுக்கு வந்தன. பழைய கருவிகளில் பல, எல்லா ஒலியையும் ஒரே அளவில் தூக்கிவிடுபவை. 30 டெசிபல் கூட்டினால் பேச்சு கேட்கும். சமையலறையில் விழும் தட்டு தலையில் இடியாக இறங்கும். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தவர்களை நன்றிகெட்டவர்கள் என்றோம். மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்கும் வழியை 1973இல் எழுதிக் காட்டியவர் எட்கர் வில்ச்சர். 1950களில் புதுவகை ஒலிபெருக்கி கண்டு புகழ்பெற்றவர் அவர். உலகின் ஓசையைக் கூட்டிய கையே பின்னாளில் பழுதான காதுகளுக்காக ஓசையைக் கட்டுப்படுத்த முனைந்தது வரலாற்றின் இனிய முரண்களில் ஒன்று.

காக்ளியர் இம்ப்ளான்ட் வந்தபோது சிக்கல் இன்னும் கூர்மையாயிற்று. மின்சாரத்தால் கேட்க முயன்ற முதல் மனிதர் மின்கலத்தைக் கண்ட வோல்ட்டா. இரு காதுகளிலும் உலோகக் கம்பிகளைச் செருகி மின்னோட்டம் பாய்ச்சிக்கொண்டார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பிறகு கெட்டியான எதுவோ கொதிப்பது போன்ற ஓசை. அபாயம் என்றஞ்சி மீண்டும் செய்யவில்லை என்பதை 1800இல் எழுதினார். மின்வழிக் கேட்டல் பிறந்ததே ஒரு திடுக்கிடலோடுதான். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையே இயல்பான காதுக்கு 100 டெசிபலுக்கு மேல் இடமிருக்க, மின்முனைகளால் தூண்டப்படும் நரம்புக்கு இருப்பது பெரும்பாலும் 10 முதல் 20 டெசிபல்தான். உலகத்து ஓசை முழுவதையும் அந்தச் சிறு பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டும். அப்படி மடிக்கும் கலைக்கு மேப்பிங் என்று பெயர். ஒவ்வொரு மின்முனைக்கும் கேட்கத் தொடங்கும் அளவும், இதமாக இருக்கும் மேல் அளவும் குறிக்கப்படுகின்றன. மேல் அளவைச் சற்று மிகையாக வைத்துவிட்டால் ஒவ்வொரு பேச்சும் அடியாக விழும்.

பெரியவர்கள் வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்? கண்ணைச் சிமிட்டும், அழும், அல்லது தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டைப் பிடுங்கி எறியும். பிள்ளைக்குப் பிடிவாதம் என்பார் தாய். ஆபரேஷன் வீண் என்பார்கள் உறவினர்கள். கருவி பீரோவுக்குள் போய்விட்டால், அதோடு பேச்சு கற்கும் பருவமும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தபின் இந்தச் சிகிச்சை ஏழைக் குழந்தைகளுக்கும் எட்டியது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அறுவை ஒரு நாள் வேலை; மேப்பிங்கோ ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டிய வேலை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து ஒரு தாய் குழந்தையோடு கச்சிராயபாளையம் இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து பெருநகருக்குப் போய்த் திரும்புவதை எண்ணிப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னாற்காட்டிலும், 2019 வரை விழுப்புரத்திலும் ஒரு மூலையாக இருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது. மூலையில் இருப்பவர்களுக்குக் கருவி கிடைத்துவிடுகிறது. அதைச் செவிக்கேற்பத் திருத்தும் கை தொலைவிலேயே இருக்கிறது.

இனி நம் திருவிழாக்கள். திரௌபதியம்மன் கோயில்களில் இரவெல்லாம் கூத்து நடக்கும் பூமி இது. முகவீணையும் மிருதங்கமும் நம் செல்வங்கள். அவற்றைக் குறைக்கச் சொல்வதல்ல நம் நோக்கம். கூம்பு ஒலிபெருக்கிகளையும் திடீர் வெடிகளையும் பற்றித்தான் பேச்சு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு விதிக்கும் ஒலி மாசு விதிகள் 2000இலேயே வந்துவிட்டன. எனினும் சட்டத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் கவனம் விரைவில் பயன் தரும். குழந்தையையோ முதியவரையோ ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார வைக்காதிருப்பது, வெடி வைக்குமுன் ஒரு வார்த்தை சொல்வது, கத்தாமல் முகம் பார்த்து நிதானமாகப் பேசுவது ஆகியவற்றுக்குச் செலவில்லை. அதற்காக ஓசையே படாமல் பொத்தி வைப்பதும் தவறு. எப்போதும் அடைத்து வைத்த காது மேலும் மேலும் கூசத் தொடங்கும் என்பதால், சிறிது சிறிதாகப் பழக்குவதே மருத்துவர்கள் சொல்லும் வழி.

பழமொழியில் தவறிய தமிழ், ஒரு சொல்லில் தவறவில்லை. வெயிலில் கண் கூசுகிறது, புளிப்பில் பல் கூசுகிறது என்கிறோம். ஒளி இல்லாத கண்ணைப் பற்றி அல்ல, ஒளியைத் தாங்காத கண்ணைப் பற்றிச் சொல்கிறோம். காது கூசுகிறது என்றும் நம்மிடம் உண்டு. பெரும்பாலும் ஆபாசப் பேச்சுக்கு ஒதுக்கிவிட்டோம். அதை மீட்டு இந்த மனிதர்களுக்குக் கொடுக்கலாம். வட்டைப் பிடுங்கி எறியும் குழந்தையைப் பார்த்து, பிடிவாதம் என்பதற்குப் பதில் 'காது கூசுது போல' என்று ஒரு தாய் சொன்னால், அடுத்த முறை மேப்பிங்குக்குப் போகையில் அவரிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கும். ஆயாவின் கேள்விக்கும் அன்று முதல் யாரும் சிரிக்க மாட்டார்கள்.