ஒரு நாள்கூட ஓடாத அணு உலை

வியன்னாவுக்கு மேற்கே, டான்யூப் நதிக்கரையில் ஸ்வென்டென்டார்ஃப் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு அணுமின் நிலையம் இருக்கு. உலை, டர்பைன், கட்டுப்பாட்டு அறை எல்லாம் கட்டி முடித்தது. ஆனால் அந்த உலையிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட வந்ததில்லை. விபத்தா? இல்லை. தொழில்நுட்பக் கோளாறா? அதுவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு மக்களிடம் "ஓட்டலாமா?"ன்னு கேட்டாங்க. மக்கள் "வேண்டாம்"னு சொல்லிட்டாங்க.

எங்கள் தொழிலில் எழுதி முடித்து, டெஸ்ட் பண்ணி, கடைசியில் டெப்ளாய் ஆகாமலே செத்துப்போகும் ப்ராஜெக்டுகள் உண்டு. அதனாலோ என்னவோ, இந்தக் கதையை நோண்ட ஆரம்பித்தவன் நிறுத்த முடியவில்லை.

கட்டுமானம் தொடங்கியது 1972-ல். சுமார் 700 மெகாவாட் கொதிநீர் உலை. ஆஸ்திரியா அணுமின்சாரத்துக்குள் எடுத்து வைத்த முதல் அடி இது. அடுத்த வருஷமே எண்ணெய் நெருக்கடி வந்ததால், "பார்த்தீங்களா, இதுக்குத்தான் சொன்னோம்" என்று ஆதரவாளர்களுக்குப் பேச வாய்ப்பும் கிடைத்தது. ஆளும் சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கங்கள், முதலாளிகள் சங்கம் என எல்லாரும் ஒரே பக்கம். இத்தனைக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைமையகம் இருப்பதே வியன்னாவில்தான்.

ஆனால் எதிர்ப்பும் வளர்ந்துகொண்டே போனது. கழிவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. எதிர்க்கட்சியான மக்கள் கட்சியும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. பிரதமர் புரூனோ க்ரைஸ்கி இந்தப் பாரத்தைத் தான் மட்டும் சுமக்க விரும்பவில்லை. பொது வாக்கெடுப்பு என்றார். தோற்றால் பதவி விலக நேரலாம் என்றும் கோடி காட்டினார். இங்கேதான் கதை திரும்புகிறது. அணு உலையைப் பற்றிய கேள்வி, பாதிப்பேருக்கு "க்ரைஸ்கி வேண்டுமா?" என்ற கேள்வியாக மாறிப்போச்சு. பழமைவாதிகளில் பலர், உலைக்கு விரோதிகளாக இல்லாவிட்டாலும், க்ரைஸ்கியை இறக்க இதுதான் சந்தர்ப்பம் என்று "வேண்டாம்" பக்கம் சாய்ந்தார்கள்.

1978 நவம்பர் 5. வேண்டாம் 50.47 சதவீதம், வேண்டும் 49.53 சதவீதம். வித்தியாசம் 30,000 ஓட்டுக்கும் குறைவு. க்ரைஸ்கி பதவி விலகவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 51 சதவீத ஓட்டோடு திரும்பி வந்தார். உலைதான் திரும்பவில்லை. அந்த டிசம்பரிலேயே அணுமின்சாரத்தைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம். நிலக்கரி, எரிவாயு நிலையங்களில் செலவின் பெரும்பகுதி எரிபொருளுக்குப் போகும். ஓட்டினால் செலவு, நிறுத்தினால் மிச்சம். அணுமின் நிலையம் இதற்குத் தலைகீழ். எரிபொருள் செலவு குறைவு. கட்டுமானமும், கட்டும் காலத்து வட்டியும்தான் கழுத்தை நெரிக்கும். அதாவது முதல் யூனிட் மின்சாரம் வருவதற்கு முன்பே பெரும்பணம் போய்விடும். ஓட்டாமல் விட்டால் மிச்சமாவது ஏதுமில்லை.

ஆஸ்திரியாவில் அதுதான் நடந்தது. மக்கள் மனசு மாறலாம் என்ற நம்பிக்கையில் 1985 வரை உலையைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பத்திரமாகப் பாதுகாத்தார்கள். அந்த வருஷம் தடையை நீக்க நாடாளுமன்றத்தில் நடந்த முயற்சியும் தோற்றது. அடுத்த வருஷம் செர்னோபில் வெடித்ததும் பேச்சு முடிந்தது. கட்டுமானமும் பராமரிப்பும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 1,400 கோடி ஷில்லிங். யூரோவுக்கு மாற்றினால் 100 கோடிக்குச் சற்று மேல். அதன்பின் உலையின் உதிரி பாகங்கள் ஜெர்மனியில் ஓடிக்கொண்டிருந்த அதே வகை உலைகளுக்குப் போயின. இன்று அது ஒரு பயிற்சிக்கூடம்.

இன்னொரு செலவு இந்தக் கணக்கில் வராது. அதே மின்கம்பித் தடத்தைப் பயன்படுத்தி, பக்கத்திலேயே ட்யூர்ன்ரோரில் ஒரு அனல் மின் நிலையம் எழுந்தது. அங்கே நிலக்கரி எரிப்பது நின்றது 2019-ல்தான். ஆஸ்திரியாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின்சாரம் என்பதால் இழப்பைத் தாங்க முடிந்தது. ஆறும் மலையும் இல்லாத நாட்டுக்கு இதே "வேண்டாம்" இன்னும் எவ்வளவோ விலையில் வந்திருக்கும்.

அப்படியானால் மக்கள் தப்பாகத் தீர்ப்பு சொன்னார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிவுக் கேள்வி நியாயமானது. வாக்கெடுப்பு முடிந்து ஐந்து மாதம் ஆவதற்குள் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் விபத்தும் நடந்தது. தப்பு, கேள்வி கேட்ட நேரத்தில் இருக்கு. 1972-ல் கேட்டிருந்தால் "வேண்டாம்" என்ற பதிலுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. 1978-ல் அதே பதிலுக்கு விலை ஒரு முழு உலை.

நம்ம ஊர்க் கூடங்குளத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். சோவியத் ஒப்பந்தம் 1988-ல். எதிர்ப்பும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011-ல் இடிந்தகரையில் போராட்டம் உச்சத்துக்குப் போனபோது, முதல் உலை கிட்டத்தட்ட தயார். "இவ்வளவு கோடி போட்டாச்சே, இப்போ நிறுத்தினா எப்படி?" என்பதே பெரிய வாதமாகிவிட்டது. 2013-ல் உலை ஓடத் தொடங்கியது.

ஒரு ஊரில் போட்ட முதல் தோற்றது, இன்னொரு ஊரில் ஜெயித்தது. முடிவுகள் எதிரெதிர். ஆனால் இரண்டு இடத்திலும் ஊர்க்காரன் குரல் கணக்கில் வந்தது கான்கிரீட் காய்ந்த பிறகுதான். அணுமின்சாரம் வேண்டும் என்பவர்கள்தான் இதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம். சம்மதம் வாங்காமல் ஊற்றுகிற ஒவ்வொரு லாரி சிமென்ட்டும், கணக்கில் எழுதாத கடன்.