அல்-பிரூனியின் நூல்கள்

அபு ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்-பிரூனி (973 – சுமார் 1050) மத்திய ஆசியாவின் குவாரசம் நாட்டில், ஆமு ஆற்றை ஒட்டிய காத் நகரில் பிறந்தார். அந்தப் பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. வானியல், கணிதம், நில அளவை, காலக்கணிப்பு, கனிமவியல், மருந்தியல், பிற நாட்டுச் சமயங்கள் எனப் பல துறைகளில் பெரும்பாலும் அரபு மொழியில் எழுதினார். பல துறைகளில் எழுதியவர்கள் அக்காலத்தில் வேறு சிலரும் உண்டு. ஒரு மலையின் உயரத்தை எவ்வளவு கண்டிப்போடு அளந்தாரோ, அதே கண்டிப்போடு ஒரு நாட்டு மக்களின் நம்பிக்கையைக் கேட்டறிந்து எழுதினார் என்பதே அல்-பிரூனியைத் தனித்து நிறுத்துகிறது.

பதினேழு வயதிலேயே சூரியனின் உச்சி உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கணித்துவிட்டார். 995இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அவரை ஆதரித்த அரசகுலம் அழிந்தது. அதன்பின் ஊர் ஊராக அலைந்தார். 997இல் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணத்தை, காத்துக்குத் திரும்பியிருந்த அவர் அங்கும், கணித மேதை அபுல் வஃபா பாக்தாதிலும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு கவனித்தனர். கிரகணம் தெரிந்த உள்ளூர் நேரங்களுக்கு இடையிலான வித்தியாசத்திலிருந்து இரு நகரங்களின் தீர்க்கரேகை வித்தியாசம் கிடைத்தது.

முதல் பெருநூல், காஸ்பியன் கடலோரப் பகுதியின் அரசர் காபூஸின் ஆதரவில் சுமார் 1000ஆம் ஆண்டில் எழுதிய ‘ஆஸார் அல்-பாக்கியா’. பாரசீகர், சோக்தியர், குவாரசமியர், யூதர், கிறிஸ்தவர், இஸ்லாத்துக்கு முந்திய அரபியர் ஆகியோர் ஆண்டு, மாதங்களை எப்படிக் கணக்கிட்டார்கள், எந்தெந்த நாளில் என்ன பண்டிகை கொண்டாடினார்கள் என்று விரிவாகச் சொல்லும் நூல் அது. சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டித்துக்கொண்டே போகும் புகழ்பெற்ற கணக்கின் விடையும் (18446744073709551615) அதில் இருக்கிறது. இருபத்தேழு வயதுக்காரர் எழுதியது என்று நம்புவது கடினம்.

1017இல் கஜினி முகமது குவாரசமைக் கைப்பற்றி, அங்கிருந்த அறிஞர்களோடு அல்-பிரூனியையும் கஜினிக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தபோது அவரிடம் ஒரு கருவிகூட இல்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பிப் போட்டு, அதன் பின்புறத்தில் வட்டப்பகுதி வரைந்து, பாகைகளாகப் பிரித்துக்கொண்டு சூரியனை அளந்தார். 1025இல் முடித்த, இடங்களின் ஆயத்தொலைவுகளைக் கணிக்கும் ‘தஹ்தீத்’ நூலில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். பூமியின் ஆரத்தைக் காணும் அவருடைய முறையும் இந்நூலில் விளக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை முதலில் அளந்தார். பிறகு உச்சியில் ஏறி நின்று, அடிவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்த்தார். அந்தத் தாழ்வுக் கோணம் ஏறத்தாழ 34 கலை (60 கலை ஒரு பாகை). இந்த இரண்டு அளவுகளையும் வைத்து முக்கோணக் கணிதத்தால் ஆரத்தை வருவித்தார். உயரத்தை அவர் குறித்த முழத்தின் நீளம் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால், விடை எத்தனை கிலோமீட்டர் பிசகியது என்று அறுதியிட முடியாது. ஒரே ஒரு மலையிலிருந்து உலகத்தை அளக்க முடியும் என்று செய்து காட்டியதே பெரிது.

முகமதின் படையெடுப்புகளால் அவருக்கு வட இந்தியாவைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்தப் படையெடுப்புகள் நாட்டின் செழிப்பைச் சிதைத்தன, இந்து அறிஞர்களைத் தொலைதூரத்துக்கு விரட்டின என்று அவரே வெளிப்படையாக எழுதினார். சமஸ்கிருதம் கற்றார், பண்டிதர்களைத் தேடிப் பிடித்து நூல்களை விளக்கச் சொன்னார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார்.

இந்த உழைப்பின் பலனாக 1030இல் உருவானதுதான் 80 அத்தியாயங்கள் கொண்ட ‘தஹ்கீக் மா லில்ஹிந்த்’. அவருடைய நூல்களில் இதையே முதலிடத்தில் வைக்க வேண்டும். கடவுள், ஆன்மா, மறுபிறவி பற்றிய கருத்துகளில் தொடங்கி, எழுத்து, அளவைகள், சதுரங்கம், பஞ்சாங்கம், கிரகணம் வரை விரிகிறது. கீதை, புராணங்கள் ஆகியவற்றையும், வானியலறிஞர்கள் பிரம்மகுப்தர், வராகமிகிரர் ஆகியோரின் வாக்குகளையும் எடுத்துக்காட்டி, அதையொட்டியே கிரேக்கர்களின் கருத்தையும் வைத்து ஒப்பிடுகிறார். மறுத்து வாதாடுவது தம் நோக்கமில்லை, உள்ளதை உள்ளபடி சொல்வதே நோக்கம் என்று முன்னுரையிலேயே தெளிவாக்கிவிடுகிறார். ஆனால் தவறு என்று பட்டால் விடுவதுமில்லை. பிரம்மகுப்தர் கிரகணத்தின் உண்மைக் காரணத்தை அறிந்திருந்தும் ராகுவின் கதைக்கு இடம் கொடுத்ததைக் கடுமையாகவே கண்டிக்கிறார். வட இந்திய ஆறுகளில் மலைக்கு அருகே பெரிய உருண்டைக் கற்களும், கீழே வரவரச் சிறு கற்களும் மணலும் கிடப்பதைக் கண்டு, அந்தச் சமவெளி ஒருகாலத்தில் கடலாக இருந்து வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

பஞ்சாபைத் தாண்டி அவர் அதிகம் பயணித்ததில்லை. ஆகவே தெற்கைப் பற்றி எழுதியவை கேள்வியறிவு. எனினும் பனையோலைச் சுவடியை அவர் வர்ணிக்கும் விதம் வியக்க வைக்கிறது. ஓலையின் நீளம், மூன்று விரல் அகலம், நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டும் முறை எல்லாம் அதில் உண்டு. வடக்கே பூர்ஜ மரப்பட்டையில் எழுதுவதையும், இந்தியாவின் எழுத்து வகைகளுள் திராவிட தேசத்து எழுத்தையும் குறிப்பிடுகிறார்.

இதே காலத்தில் ரைஹானா என்ற பெண்ணுக்காக, கணிதமும் வானியலும் சோதிடமும் கேள்வி பதிலாக வரும் ‘தஃப்ஹீம்’ நூலை எழுதினார். இது அரபியிலும் பாரசீகத்திலும் கிடைக்கிறது. முகமதின் மகன் மசூதுக்குக் காணிக்கையாக்கிய ‘கானூன் அல்-மஸ்ஊதி’ வானியலின் பேரேடு. பின்னர் ஆட்சிக்கு வந்த மவ்தூத் காலத்தில் ரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றிய நூல் வந்தது. பொருள்களின் ஒப்படர்த்தியைக் காண அவர் கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றைச் செய்திருந்தார். நீர் நிறைத்து, பொருளை உள்ளே போட்டால் பக்கக் குழாய் வழியே வழியும் நீரை நிறுத்துப் பார்ப்பதுதான் முறை. கடைசியில், பார்வை மங்கிய முதுமையில், ஒரு மருத்துவரின் துணையோடு மூலிகைகளின் பெயர்களைப் பல மொழிகளில் தொகுத்த ‘சைதனா’வை எழுதினார்.

இடைக்காலத்தில் இந்நூல்கள் லத்தீனில் பெயர்க்கப்படாததால் ஐரோப்பா அவரை மிகத் தாமதமாகவே அறிந்தது. ஜெர்மன் அறிஞர் எட்வர்ட் சாகாவ் 1879இல் ‘ஆஸார்’ நூலையும், 1888இல் இந்திய நூலையும் ஆங்கிலத்தில் தந்தார். ‘கானூன்’ 1954–56இல் ஹைதராபாதிலிருந்து மூன்று தொகுதிகளாக அச்சேறியது. யோக நூலின் அரபு வடிவம் 1922இல் இஸ்தான்புலில் ஒரு சுவடியில் தென்பட்டு, 1956இல் பதிப்பிக்கப்பட்டது.

அறுபது வயதைக் கடந்தபின் அல்-பிரூனி தம் நூல்களைத் தாமே பட்டியலிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள் அதில் உள்ளன. பெரும்பாலானவை பெயரளவில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் பண்டிதர்களுக்காகச் சமஸ்கிருதத்தில் பெயர்த்துவருவதாகத் தம் இந்திய நூலில் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பெயர்ப்புகள் இன்றுவரை கிடைக்கவில்லை.