கண்ணாடிக் குழாயும் கித்தார் இசையும்

பழையது கழிந்து புதியது புகுவது உலக இயல்பு. அறிவியல் துறையில் இவ்வியல்பு இன்னும் விரைவாக நடைபெறுகிறது. வானொலிப் பெட்டியையும், தொலைபேசி நிலையத்தையும், முதற் கணிப்பொறிகளையும் ஒரு காலத்தில் இயக்கிவந்த வெற்றிடக் குழாய், அவற்றுள் எதிலும் இன்று இடம்பெறுவதில்லை. மக்கள் வழக்கில் 'வால்வு' எனப்பட்ட அக்கண்ணாடிக் குழாய், இளைய தலைமுறையினர் பலர் கண்டறியாத பொருளாகிவிட்டது. ஆயினும், மின்கித்தார் வாசிப்போரின் பின்னால் நிற்கும் பெருக்கிப் பெட்டிக்குள் அது இன்னும் செந்நிறமாய் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட குழாய்களைத் தேடி அலைந்து, பெரும்பொருள் கொடுத்து வாங்குவோரும் உள்ளனர். உலகம் கைவிட்ட ஒரு பொருளை இசைவாணர் மட்டும் கைவிடாதது ஏன்? இவ்வினாவிற்குரிய விடை அக்குழாயின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

1880களில் அமெரிக்க அறிஞர் தாமஸ் எடிசன், தம் மின்விளக்கின் சூடான இழையிலிருந்து வெற்றிடத்தின் ஊடே மின்சாரம் பாய்வதைக் கண்டார். எனினும் அதன் பயனை அவர் முழுதும் உணர்ந்தாரில்லை. 1904ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங், அவ்விளைவைப் பயன்படுத்தி மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் குழாயை அமைத்தார். நீர்க்குழாயின் அடைப்பானைப் போல் அது செயற்பட்டமையால் 'வால்வு' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், சூடான எதிர்வாய்க்கும் நேர்வாய்க்கும் இடையே மெல்லிய கம்பிவலை ஒன்றைப் புகுத்தினார். அவ்வலையில் ஏற்படும் சிறிய மின்னழுத்த மாற்றம், குழாயில் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லதாயிற்று. சிற்றசைவு பேரசைவாக மாறியது. மின்வழிப் பெருக்கம் என்னும் கலை பிறந்தது.

1915இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை பேச்சொலியைக் கொண்டுசென்ற தொலைபேசித் தடத்தில் குழாய்கள் துணைபுரிந்தன. 1946இல் உலகிற்கு அறிமுகமான எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 குழாய்கள் இருந்தன. இடைப்பட்ட காலத்தில், 1936இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 6எல்6 என்னும் ஆற்றல்மிகு குழாயை வெளியிட்டது. 1947இல் அதே நிறுவனம், நுண்ணிய ஒலிக்குறிகளை நூறு மடங்களவு பெருக்கும் திறன்கொண்ட 12ஏஎக்ஸ்7 குழாயை வெளிக்கொணர்ந்தது. இதனையே ஐரோப்பியர் இசிசி83 என வழங்கினர். அவ்வாண்டின் இறுதியில், பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. கித்தார் இசைக்கு உயிர்க்கூறாக அமைந்த குழாயும், குழாய் இனத்தையே வீழ்த்தவிருந்த டிரான்சிஸ்டரும் ஒரே ஆண்டில் தோன்றியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கித்தார் இயல்பிலேயே மெல்லொலி உடையது. எக்காளமும் முரசும் முழங்கும் இசைக்குழுவில் அதன் குரல் அமுங்கிப்போகும். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் காந்தச் சுருளின் வழியாகக் கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு ஏற்ற பெருக்கிகளும் தேவைப்பட்டன. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில், வானொலி பழுதுபார்த்துத் தொழில் பழகிய லியோ ஃபெண்டர் அத்தேவையை நிறைவு செய்தவர்களுள் முதன்மையானவர். 1952இல் அவர் வெளியிட்ட 'பேஸ்மேன்' பெருக்கி, தாழ்சுரக் கித்தாருக்கென்றே அமைக்கப்பட்டது. ஆனால் ஏனைய கித்தார் கலைஞரே அதனைப் பெரிதும் விரும்பினர்.

அப்பெருக்கியின் புகழ் கடல் கடந்தது. இலண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில், முரசுக் கலைஞரும் ஆசிரியருமான ஜிம் மார்ஷல் 1960இல் இசைக்கருவிக் கடை திறந்தார். அமெரிக்கப் பெருக்கிகளை வரவழைத்தால் செலவு மிகுந்தது. எனவே, 1962இல் மார்ஷலும் அவருடைய உதவியாளர்களும் பேஸ்மேனின் மின்சுற்றை அடியொற்றித் தாமே ஒரு பெருக்கியைச் செய்தனர். ஜேடிஎம்45 எனப் பெயர்பெற்ற அதன் வரைபடம் ஏறத்தாழ மூலத்தின் படியே, ஒலியோ வேறாயிற்று. காரணம் யாது? மூலத்தின் முதற்படியில் இருந்த 12ஏஒய்7 குழாயின் பெருக்க எண் நாற்பதை ஒட்டியது. மார்ஷல் பெருக்கியில் அவ்விடத்தில் நூறு பெருக்க எண்ணுடைய இசிசி83 அமர்ந்தது. ஆற்றல் குழாய்களாக முதலில் 5881 இருந்து, பின்னர் ஆங்கிலேயர் செய்த கேடி66 இடம்பெற்று, 1960களின் பிற்பகுதியில் இஎல்34 நிலைபெற்றது. மின்மாற்றியும் ஒலிபெருக்கிப் பெட்டியும்கூட வேறுபட்டவையே. உள்ளூரில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு ஒன்றைப் படியெடுக்க முயன்றபோது, புதியதொரு குரல் பிறந்துவிட்டது.

பொறியியலார் கண்ணில் அக்குரல் ஒரு குறை. கொள்ளளவை மீறி ஒலிக்குறி புகும்போது பெருக்கி அதனைத் திரித்துவிடுகிறது. ஆனால் குழாய் திரிக்கும் முறையில் ஒரு நயம் உண்டு. எல்லையை நெருங்கும்போது அலையின் முகடு சிறிது சிறிதாக மழுங்குகிறது. மூலச்சுரத்தோடு இயைந்த மேற்சுரங்கள் கூடுகின்றன. விரல் மென்மையாகத் தொட்டால் ஒலி தெளிவாகும். அழுத்தி மீட்டினால் கரகரக்கும். இவ்வாறு, கலைஞரின் விரலுக்குப் பெருக்கியே மறுமொழி கூறுகிறது. 1966இல் ஜான் மேயால் குழுவினருடன் எரிக் கிளாப்டன் மார்ஷல் பெருக்கியை உரத்த நிலையில் வைத்து வாசித்த இசைத்தட்டு, குறை என்று ஒதுக்கப்பட்டதை அழகு என்று உலகம் ஏற்கச் செய்தவற்றுள் ஒன்று.

அதே 1966ஆம் ஆண்டில், முந்திய ஆண்டு சி.பி.எஸ். நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்த ஃபெண்டர் நிறுவனம் டிரான்சிஸ்டர் பெருக்கிகளை வெளியிட்டது. எடை குறைவு, வெப்பம் குறைவு, உடையும் கண்ணாடி இல்லை எனப் பல நலன்கள் பேசப்பட்டன. ஆயினும் கலைஞர் அவற்றை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அவை கைவிடப்பட்டன. அக்காலத்து டிரான்சிஸ்டர் பெருக்கிகள் எல்லையைத் தொட்டதும் அலையின் முகட்டைக் கத்தியால் சீவியது போல் வெட்டின. செவிக்கு அது கடுமையாகவே பட்டது.

இசைவாணர் விரும்பினும், தொழிற்சாலைகள் அவர்களுக்காக மட்டும் இயங்க இயலாது. வானொலியும் தொலைக்காட்சியும் டிரான்சிஸ்டருக்கு மாறியபின், 1970களிலும் 1980களிலும் மேலை நாடுகளின் குழாய் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தியை நிறுத்தின. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் 1938இல் தொடங்கப்பெற்ற முல்லார்டு ஆலையும் அவற்றுள் ஒன்று. முடியினும் மெல்லிய கம்பியைச் சீராகச் சுற்றுவதும், உறுப்புகளை இம்மி பிசகாமல் பொருத்துவதும், எதிர்வாயின் மேற்பூச்சைப் பதமறிந்து இடுவதும் பெரும்பாலும் பெண் தொழிலாளரின் கைத்திறனால் நிகழ்ந்தவை. வரைபடங்களைக் காப்பது எளிது. கைப்பழக்கத்தைக் காப்பது அரிது. ஆலை மூடப்பட்ட அன்று, இயந்திரங்களோடு அப்பழக்கமும் கலைந்தது.

கீழை ஐரோப்பாவிலும் சீனாவிலும் மட்டும் அத்தொழில் தொடர்ந்தது. 1976இல் சோவியத் விமானி ஒருவர் ஜப்பானில் கொண்டுவந்து இறக்கிய மிக்-25 போர்விமானத்தில் வெற்றிடக் குழாய்கள் இருக்கக் கண்டு மேலை வல்லுநர் வியந்தனர். படைத்துறையின் தேவையால் உயிர்த்திருந்த அவ்வாலைகளே பின்னர்க் கித்தார் உலகிற்குக் கைகொடுத்தன. ரஷ்யாவின் சரத்தோவ் நகர ஆலையை அமெரிக்க இசைக்கருவி வணிகரான மைக் மேத்யூஸ் 1990களின் இறுதியில் வாங்கினார். சுலோவாக்கியாவிலும் புதிய ஆலையொன்று தோன்றியது. 2022இல் உக்ரேன் போரையொட்டி ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, கித்தார் கலைஞர் உலகெங்கும் கலங்கினர். சில வாரங்களில் ஏற்றுமதி மீண்டும் தொடங்கினும் விலை உயர்ந்தது. ஓர் இசைமரபு முழுவதும் இரண்டு மூன்று ஆலைகளை நம்பி நிற்கும் உண்மையை அந்நிகழ்ச்சி வெளிச்சமிட்டுக் காட்டியது.

இச்சூழலில்தான் பழங்குழாய்க்கு மதிப்புக் கூடுகிறது. பயன்படுத்தப்படாமல் கிடங்குகளிலும் படைத்துறைப் பெட்டகங்களிலும் தங்கிவிட்டவையே பெரிதும் விரும்பப்படுகின்றன. ஆனால் மதிப்புள்ள இடத்தில் போலியும் நுழையும். கண்ணாடியின் மேல் அச்சிட்ட பெயர் எளிதில் அழியும். வேறு பெயரை அச்சிடுவதும் எளிது. மேலும், அக்காலத்து நிறுவனங்கள் பிறர் செய்த குழாய்களை வாங்கித் தம் பெயரில் விற்பதும் வழக்கம். ஆதலின் பெயரை நம்பாமல் குறியீட்டைப் படிக்கவேண்டும். முல்லார்டு குழாய்களின் கண்ணாடியடியில் பொறிக்கப்பட்ட 'பி5இ3' போன்ற வரியில், முதலெழுத்து பிளாக்பர்ன் ஆலையையும், அடுத்த எண் ஆண்டின் ஈற்றிலக்கத்தையும், அடுத்த எழுத்து ஐந்தாம் மாதத்தையும், இறுதி எண் வாரத்தையும் சுட்டும். 1955ஆ, 1965ஆ என்பதை உள்ளமைப்பையும் வகைக்குறியையும் கொண்டே துணியவேண்டும். அமெரிக்கக் குழாய்களில் 274 என்பது ஆர்.சி.ஏ.யையும் 312 என்பது சில்வேனியாவையும் குறிக்கும். கல்வெட்டறிஞர் எழுத்தமைதி கொண்டு காலத்தைக் கணிப்பதற்கு ஒப்பானது இப்பயிற்சி.

கண்ணாடியின் உட்புறத்தே தோன்றும் வெள்ளி நிறப் பூச்சு, எஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்கென இடப்பட்ட பேரியப் படலம். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்பது பொருள், அக்குழாய் பயன்படாது. கருவி கொண்டு சோதித்த அளவுகளை விற்பவர் தருதல் நன்று. ஆற்றல் குழாய்கள் ஒத்த இணைகளாக அமைதல் வேண்டும்; மாற்றியபின் அவற்றில் ஓடும் மின்னோட்டத்தைச் சரிசெய்தலும் வேண்டும். 6எல்6இன் இழைக்கு 0.9 ஆம்பியர் போதும், இஎல்34க்கோ 1.5 ஆம்பியர் தேவை. அடித்தளம் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றனிடத்தில் மற்றொன்றைச் செருகினால் மின்மாற்றியே கருகக்கூடும். பெருக்கிக்குள் 400 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் இருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கும். பயிற்சியற்றோர் அதனைத் திறத்தல் உயிருக்கே கேடு.

பழையது என்பதால் மட்டும் ஒரு குழாய் சிறந்துவிடுமா? இல்லை. தேய்ந்த பழங்குழாயினும் நன்கு செய்த புதுக்குழாய் மேலானது. சிறப்பு வயதில் இல்லை. செய்த கையின் செம்மையில் உள்ளது. கிடங்கில் எஞ்சியிருப்பவையோ பெருகப்போவதில்லை. ஒவ்வோர் இரவும் ஒரு பெருக்கி ஒளிரும்போது, அச்செல்வம் சிறிது குறைகிறது. பூட்டி வைத்தால் குழாய் நிலைக்கும், இசை பிறவாது. வாசித்தால் இசை பிறக்கும், குழாய் தேயும். பழங்குழாய்களைத் திரட்டுவதால் மட்டும் இச்சிக்கல் தீராது. அவற்றைச் செய்த அறிவைப் புதிய கைகள் மீண்டும் கற்றுக்கொள்வதே நிலையான வழி. கைத்தொழில் ஒன்று கைமாறாமல் போனால், அதனை நம்பி வளர்ந்த கலையும் ஒருநாள் குரலிழக்கும் என்பதே இக்கண்ணாடிக் குழாய் உணர்த்தும் பாடம்.